கடைசி ஆள் வரும்வரை டீ கிடையாது

போன வருஷம் கடற்கரை மாரத்தானில் என்னை ஒரு வேன் தூக்கிக்கொண்டு போனது. ஓட்டுநர் இல்லாத வேன். நாற்பத்திரண்டு கிலோமீட்டரை ஆறு மணி நேரத்தில் முடிக்கும் வேகத்தில், கடைசி ஆட்களுக்குப் பின்னால் அவசரமே இல்லாமல் உருண்டு வரும். அதற்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தால் நீங்கள் ஓட்டக்காரர். அது உங்களைத் தொட்டுவிட்டால் பயணி. கதவு தானாகத் திறக்கும். "ஐயா, நன்றாக முயன்றீர்கள். ஏறிக்கொள்ளுங்கள்" என்று ஒரு பெண்குரல் தேனொழுகச் சொல்லும். முப்பதாவது கிலோமீட்டரில் நான் ஏறினேன். உள்ளே ஏ.சி., தண்ணீர் பாட்டில், ஈரத்துண்டு எல்லாம் இருந்தன. மானம் மட்டும் இல்லை.

அந்தக் குரலை நான் மறக்கவில்லை. என் வீட்டுக்காரியும் மறக்கவில்லை. மாடிப்படியில் எனக்கு மூச்சு வாங்கினால் இன்றைக்கும் அதே குரலில் "ஏறிக்கொள்ளுங்கள்" என்பாள். இந்த வருஷம் அந்த வேனில் ஏறக்கூடாது. எனக்கு வேறு லட்சியம் எதுவும் கிடையாது. மெடல் வேண்டாம், நேரம் வேண்டாம், வேனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் போதும்.

என் பெயர் சுயம்புலிங்கம். வயது நாற்பத்தொன்பது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். ஓட்டுகிறேன் என்றால் மேலே ஏறி உட்கார்ந்து அல்ல. ஊருக்குள் ஒரு குளிர் அறையில், நாற்காலியில் சாய்ந்துகொண்டு, நான்கு கிரேன்களைத் திரையில் பார்த்து நகர்த்துகிறேன். அதில் பத்து வருஷத்தில் தொப்பையும் சர்க்கரையும் சேர்ந்தன. டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பது எனக்குச் சலிப்பு, அதனால் ஓடினேன். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் மேலிருந்து பார்த்துப் பழகியவன் நான். கீழே நிற்கிறவர்கள் என் திரையில் எறும்பு அளவுதான் இருப்பார்கள்.

எங்கள் குழுவுக்கு உப்புக்கால் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்பி, தருவைகுளம் போகிற வழியில் உப்பளங்களை ஒட்டி ஓடிவிட்டு, கிளம்பிய இடத்துக்கே வந்து டீக்கடையில் முடிப்போம். ஒரே ஒரு சட்டம் உண்டு. கடைசி ஆள் வரும்வரை யாரும் டீ குடிக்கக் கூடாது. முதலில் வந்தவர் டீ சொல்லிவிடுவார், கண்ணாடி டம்ளர்கள் பெஞ்சில் வரிசையாக இருக்கும், தொடக் கூடாது. வருகிற ஒவ்வொருவருக்கும் கைதட்ட வேண்டும். சட்டத்தைப் போட்டது யார் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. அநேகமாக நான்தான்.

கடைசி ஆள் எப்போதும் டெல்பின் மோத்தாதான். சித்திரையில்தான் எங்களோடு சேர்ந்தார். நாற்பத்துநான்கு வயதுப் பெண்மணி. இறால் ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்றில் மேற்பார்வை வேலை. ரொம்பப் பேசமாட்டார். ஏன் ஓட வந்தீர்கள் என்று கேட்டதற்கு, "எட்டு மணி நேரம் ஒரே இடத்துல நிக்குதேன் அண்ணாச்சி. கால் நகருமான்னு பாப்போம்னு வந்தேன்" என்றார்.

அவர் சேர்ந்த இரண்டாவது வாரம் வில்லை வந்தது.

வில்லையைக் கொண்டுவந்தவர் மைதீன். ஆஸ்பத்திரி மெஷின்களைப் பழுது பார்க்கிற என்ஜினியர், எங்கள் குழுவில் தலைக்கனம் இல்லாத ஒரே படித்தவர். பெங்களூரில் அவருக்குத் தெரிந்த ஒரு சின்னக் கம்பெனி சோதனைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு மட்டும் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிற பொட்டு அளவு வில்லை. மொத்தம் நான்கு. மைதீனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, பள்ளிக்கூட டீச்சர் கோமதிக்கு ஒன்று, புதிதாக வந்தவரை விட்டுவிடக் கூடாதே என்று டெல்பினுக்கு ஒன்று.

"இது என்னவே செய்யும்?" என்று கேட்டேன்.

"களைப்பைப் பங்கு போடும் அண்ணாச்சி. வலியை இல்ல, நெஞ்சடைப்பை இல்ல, அதெல்லாம் அவங்கவங்களுக்குத்தான் தெரியும். களைப்பு மட்டும். இனிமே முடியாது, நில்லுன்னு மூளை சொல்லும் பாத்தீங்களா, அதை நாலா வெட்டி நாலு பேருக்கும் கொடுக்கும். உங்களுக்கு முடியாம வரும்போது எனக்குத் தெம்பா இருக்கும், எனக்கு முடியாதப்ப கோமதிக்குத் தெம்பா இருக்கும். யாருக்கும் ஒரேயடியா வராது."

"அப்போ மொத்தத்துல குறையுமா?" என்று கோமதி கேட்டாள்.

"குறையாதும்மா. களைப்பு எங்கயும் போய்த் தொலையாது. யாராவது ஒருத்தர் உடம்புல உக்காந்துதான் ஆகணும்."

போனில் அதற்கு ஒரு செயலி. அதைத் திறந்தால் பங்கு என்று ஒரு கோடும் அதன் நடுவில் ஒரு புள்ளியும் இருக்கும். புள்ளியை மேலே தள்ளினால் அதிகம் சுமப்போம், கீழே இழுத்தால் குறைவாக. யார் எங்கே வைத்திருக்கிறார் என்று மற்றவருக்குக் காட்டாது. காட்டினால் சண்டை வரும் என்று கம்பெனிக்காரர்கள் மறைத்துவிட்டார்களாம். "நடுவுலயே இருக்கட்டும். யாரும் தொடாதீங்க" என்று மைதீன் மூன்று தடவை சொன்னார். நாங்களும் மூன்று தடவை தலையாட்டினோம்.

அடுத்த ஞாயிறே வித்தியாசம் தெரிந்தது. பத்தாவது கிலோமீட்டரில் வழக்கமாக என் நாக்கு வெளியே வந்துவிடும். அன்றைக்குக் கோமதியிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டு ஓடினேன். ஆனி முடிவதற்குள் இருபது கிலோமீட்டரைச் சிரித்துக்கொண்டு ஓடினோம். ஒருவரை ஒருவர் மாற்றி மாற்றிப் புகழ்ந்துகொண்டோம். "அண்ணாச்சி, உங்க களைப்பை நான் வாங்கிக்கிட்டேன், போங்க போங்க" என்று மைதீன் கத்துவார். எனக்குக் கண் கலங்கும். மனிதனுக்கு மனிதன் இவ்வளவு செய்ய முடியுமா என்று உண்மையாகவே நினைத்தேன்.

டெல்பினுக்கு மட்டும் வில்லை வேலை செய்யவில்லை போலிருந்தது. நாங்கள் வேகமாக வேகமாக அவர் மெதுவானார். முதலில் கால்மணி நேரம் பிந்தி வந்தவர், ஆவணியில் அரைமணி, ஐப்பசியில் நாற்பது நிமிஷம். டீ ஆறிக்கொண்டே இருக்கும். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து டம்ளரையும் சாலையையும் மாறி மாறிப் பார்ப்போம். தூரத்தில் அவருடைய நீலச் சட்டை தெரிந்ததும் எழுந்து கைதட்டுவோம். கைதட்டலில் பாதி டீக்காகத்தான். ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. அவர் வந்து நின்று மூச்சு வாங்குவதற்குள், "டெல்பின், டீ ஆடை கட்டிருச்சு" என்று சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவரும் சிரித்தார். ஆடையை விரலால் எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு அந்த டீயைக் குடித்தார்.

எங்கள் புண்ணியத்தில்தான் இவர் இந்த அளவாவது ஓடுகிறார் என்று நான் வீட்டில் சொன்னது உண்டு. நாலில் மூன்று பங்கை நாங்கள் அல்லவா சுமக்கிறோம்.

கார்த்திகையில் மாரத்தானுக்குப் பெயர் கொடுக்க வேண்டியிருந்தது. குழுவுக்குப் பொறுப்பாளன் என்ற முறையில் படிவத்தை நான்தான் நிரப்பினேன். மூன்று பெயருக்கு நேராக நாற்பத்திரண்டு என்று எழுதினேன். டெல்பின் பெயருக்கு நேராக இருபத்தொன்று என்று எழுதினேன். அவரைக் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு சொன்னபோது, ஏன் என்று மட்டும் கேட்டார். வேன் வந்து தூக்கிக்கொண்டு போய்விடும், போன வருஷம் நான் பட்டது போதும், எதற்கு வம்பு என்று விளக்கினேன். நல்லதைத்தான் சொன்னேன் என்று அப்போது தோன்றியது. அவர் டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

மார்கழியில் மாரத்தான். காலை ஐந்து மணிக்குத் துறைமுக வாசலில் ஐந்நூறு பேர் நின்றோம். பந்தயத்தில் வில்லைக்கு அனுமதி இல்லை. ஒரு பெண் ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் விளக்கடித்துப் பார்த்து அனுப்பினாள். அதை முன்பே மைதீனிடம் கேட்டிருந்தேன். "எட்டு மாசம் ஓடியிருக்கோம்லா, உடம்பு பழகியிருக்கும் அண்ணாச்சி" என்று அவர் தைரியம் சொல்லியிருந்தார். கால் பழகியிருந்தது வாஸ்தவம். ஆனால் களைப்பை அடையாளம் காண வேண்டிய தலை எதையும் பழகவே இல்லை. அது அப்போது எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது.

டெல்பின் கூட்டத்தின் பின்பக்கம் நின்றார். நெஞ்சில் குத்தியிருந்த எண் சிவப்பு. இருபத்தொன்றுக்குப் பச்சை, நாற்பத்திரண்டுக்குச் சிவப்பு. என்ன இது என்று சைகையில் கேட்டேன். பக்கத்தில் வந்து, எண் வாங்கப் போன இடத்தில் மாற்றிக்கொண்டதாகச் சொன்னார். "ஒரு தடவை பாத்திருவோம்னு தோணுச்சு. வேன் வந்தா ஏறிக்கிடுதேன். ஏ.சி. இருக்காம்லா" என்றார்.

நான் மூன்று மாதமாக ஓடிய வேகத்தில் கிளம்பினேன். கோமதியும் மைதீனும் இன்னும் வேகமாக. பதினைந்து வரை ராஜா மாதிரி போனேன். இருபதில் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தது போல் இருந்தது. இருபத்தைந்தில் இடது தொடை கனத்தது. இது என்ன என்றே எனக்குப் புரியவில்லை. போன வருஷம் இதே இடத்தில் இப்படித்தான் இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். வேனுக்குள் இருந்த ஈரத்துண்டு மட்டும்தான் நினைவுக்கு வந்தது. முப்பத்தொன்றாவது கிலோமீட்டரில், உப்பளத்து ஓரம், ஒரு சின்னப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். வயிறு புரட்டியது. வேன் எங்கே வருகிறது என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பயந்து பார்த்தேனா, ஆசையோடு பார்த்தேனா என்று இன்றைக்கும் தெரியாது.

வேன் வரவில்லை. டெல்பின் வந்தார்.

ஒரே சீராக, மூச்சுச் சத்தம் கூட இல்லாமல், ஏதோ பக்கத்துத் தெருவுக்குப் போகிறவர் மாதிரி வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"என்ன அண்ணாச்சி, தொடையா?"

தலையாட்டினேன்.

"இடது தொடை. ஈயத்தை ஊத்துன மாதிரி கனக்கும். வயித்தைப் புரட்டும், ஆனா ஒண்ணும் வராது. எப்பவும் வாறதுதான? ஞாயித்துக்கிழமை பதினெட்டுலயே வந்திரும், இன்னைக்குக் கொஞ்சம் பிந்தியிருக்கு. பத்து நிமிஷத்துல போயிரும். எந்திரிச்சு நடங்க."

"போயிருமா?"

"என்ன புதுசாக் கேக்கீங்க. நாலு பேருக்கும் சமமாத்தான வந்துச்சு?"

மார்கழி வெயில் ஒன்றும் பெரிய வெயில் இல்லை. ஆனால் எனக்கு அந்த நேரத்தில் உச்சியில் சுட்டது.

எனக்கு அது வந்ததே இல்லை. எட்டு மாதத்தில் ஒரு ஞாயிறு கூட என் தொடை கனக்கவில்லை, வயிறு புரட்டவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். வில்லை வந்த மூன்றாவது வாரம், கிரேன் அறையில் இரட்டை ஷிப்ட் பார்த்த அலுப்பில், பங்குக் கோட்டில் என் புள்ளியை ஒரு நகக்கண் அளவு கீழே இறக்கினேன். ஒருவருக்கும் தெரியவில்லை. ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. அடுத்த வாரம் இன்னொரு நகக்கண். ஆவணியில் அது கோட்டின் அடிமட்டத்தில் போய் உட்கார்ந்திருந்தது. மூன்று பேர் இருக்கிறார்கள், பிரித்து எடுத்துக்கொள்வார்கள், யாருக்கும் உறைக்காது என்று நினைத்தேன்.

அது பிரியவில்லை. இந்த அம்மாளின் உடம்பில்தான் போய் உட்கார்ந்திருக்கிறது. நான் எறும்பு அளவில் பார்த்த அந்த நீலச் சட்டை என் தொடையையும் என் வயிற்றையும் தூக்கிக்கொண்டுதான் நாற்பது நிமிஷம் பிந்தி வந்திருக்கிறது. ஆடை கட்டிய டீயை நான் அவரிடம்தான் காட்டிச் சிரித்திருக்கிறேன்.

அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. வந்த கேள்வி வேறு.

"டெல்பின், இதுக்கப்புறம் என்ன வரும்?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, மறந்துபோனவருக்கு வழி சொல்கிறவர் போலப் பொறுமையாகச் சொன்னார். "தொடை விட்டதும் வலது தோள்பட்டை இறுகும். கையை உதறிவிட்டா சரியாப் போயிரும். பொறவு ஒரு அழுகை வரும், காரணமே இருக்காது. அடக்காதீங்க, அடக்குனா மூச்சு முட்டும். அழுதுட்டே ஓடலாம். அதுக்கும் பொறவு ஒரு கோவம் வரும் பாருங்க, யாரையாவது வையணும்போல இருக்கும். அது வந்துட்டுன்னா ஜெயிச்சாச்சு. கோவத்துல கால் நல்லாப் போகும்." கொஞ்சம் நிறுத்தி, "அந்தக் கோவம் யாருதுன்னு நான் யோசிச்சது உண்டு. மைதீனுக்குக் கோவம் வராதுல்லா" என்றார்.

நான் குனிந்து ஷூ நாடாவைப் பார்த்தேன்.

"கூட வாறேன். மெதுவாப் போவோம்" என்றார்.

"வேண்டாம். நீங்க போங்க. உங்க ஓட்டத்தை ஓடுங்க."

"எனக்கு இன்னைக்கு என்னமோ கால் இருக்கதே தெரியல அண்ணாச்சி. வாரநாள்ல வேலைக்கு ஓடும்போதும் இப்படித்தான் லேசா இருக்கும். கொஞ்ச தூரம்ங்கதுனால அப்படின்னு நெனச்சிருந்தேன்."

"போங்க டெல்பின். டீக்கடையில பாப்போம்."

போனார். இத்தனை மாதத்தில் அவருடைய முதுகை நான் பார்த்ததே இல்லை. எப்போதும் பெஞ்சில் உட்கார்ந்து, எதிரே வருகிறவராகத்தான் பார்த்திருக்கிறேன். அந்த முதுகு ஆடாமல் அசையாமல் உப்புக் குவியல்களைத் தாண்டிப் போய் வளைவில் மறைந்தது. இவ்வளவு நன்றாக ஓடுகிற ஆள் எங்கள் குழுவில் இருந்ததே எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

எழுந்து நடந்தேன். பத்து நிமிஷத்தில் தொடை விட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன், சரியாகப் பத்து. எனக்குச் சிரிப்பு வந்தது. வலது தோள்பட்டை இறுகியது, உதறினேன், போயிற்று. ஓடவும் நடக்கவுமாகப் போனேன். முப்பத்தேழில் அழுகை வந்தது. ஒரு போலீஸ்காரர் சாலையோரம் நின்றிருந்தார், என்னைப் பார்த்துவிட்டு நாகரிகமாகக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். காரணமே இருக்காது என்று டெல்பின் சொன்னது மட்டும் பொய். எனக்குக் காரணம் இருந்தது. ஒரு கிலோமீட்டர் முழுக்க அழுதேன், மூச்சு முட்டவில்லை.

முப்பத்தொன்பது தாண்டியதும் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. டயர் மண்ணை அரைக்கிற சத்தம். வேன் இருநூறு மீட்டரில் வந்துகொண்டிருந்தது. நாற்பதாவது கல்லில் இன்னும் நெருங்கியது. "ஐயா, நன்றாக முயன்றீர்கள்" என்று ஆரம்பித்தது குரல்.

அப்போது வந்தது கோபம். வேன் மேல், அந்தத் தேன்குரல் மேல், என் நாற்காலி மேல், நகக்கண் அளவு நகர்ந்த என் கட்டைவிரல் மேல். "ஏறமாட்டேன், போடி" என்று ஆளில்லாத வண்டியைப் பார்த்துக் கத்தினேன். வேனுக்குப் பதில் தெரியவில்லை, கதவை மூடிக்கொண்டது. டெல்பின் சொன்னது சரிதான். கோபத்தில் கால் நன்றாகப் போனது. எட்டு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் இதையும் அவர்தான் வைத்திருந்தார் என்ற நினைப்பில் இன்னும் வேகமாகப் போனது.

ஐந்து மணி நேரம் ஐம்பத்தேழு நிமிஷத்தில் முடிவுக் கோட்டைத் தாண்டினேன். சிவப்பு எண்களில் நான்தான் கடைசி.

டீக்கடை பெஞ்சில் மூவரும் இருந்தார்கள். நான்கு டம்ளர் டீ, ஒன்றையும் யாரும் தொடவில்லை. கோமதி ஐந்தேகால் மணி நேரத்தில் தள்ளாடி வந்திருக்கிறாள். மைதீன் ஐந்தரை மணி நேரத்தில் வந்து புல்லில் மல்லாந்திருக்கிறார். டெல்பின் நாலு மணி நேரம் ஐம்பத்திரண்டு நிமிஷம். என்னைப் பார்த்ததும் மூவரும் எழுந்து கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பொறுக்கவில்லை. கையைக் காட்டி நிறுத்தினேன்.

நின்றுகொண்டே சொன்னேன். பங்குக் கோட்டில் என் புள்ளியை இறக்கினேன் என்று சொன்னேன். எந்த வாரம், எவ்வளவு என்றெல்லாம் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு மைதீன் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"நானும் இறக்குனேன் அண்ணாச்சி. தொடாதீங்கன்னு சொன்ன நான்தான்."

கோமதியும் இறக்கியிருந்தாள். பரீட்சைத் தாள் திருத்துகிற வாரம் மட்டும் என்றுதான் இறக்கினாளாம். திருப்பி ஏற்ற மறந்துவிட்டது, பிறகு ஏற்ற மனசு வரவில்லை என்றாள்.

"நான் தொடலையே" என்றார் டெல்பின். "தொடாதீங்கன்னு சொன்னாருல்லா."

டெல்பின் எங்கள் மூன்று முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அப்ப நான் மெதுவா ஓடுத ஆளு இல்லையா?"

அவர் எழுந்து போய்க் கடலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. "எட்டு மாசம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் குனிஞ்சு செருப்பு மாட்ட முடியாது எனக்கு. வயசாயிட்டு, இனி அவ்வளவுதான்னு நெனச்சேன்" என்றார். சத்தம் போட்டிருந்தால் தேவலை. மெடலைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, டீயைத் தொடாமல் போய்விட்டார்.

அந்த வாரம் உப்புக்கால் வாட்ஸப் குழுவில் ஒரு வார்த்தை இல்லை. வேனில் ஏறாமல் வந்த எனக்கு வீட்டுக்காரி கேசரி கிண்டினாள். இறங்கவில்லை. நடந்ததை அவளிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அந்தம்மா இனிமே வருவாங்களா?" என்று கேட்டாள். அதைத்தான் நானும் நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கே போய்விட்டேன். மைதீனும் கோமதியும் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். மணி ஐந்தாகிவிட்டது. இன்றைக்கு ஓடவேண்டாம், கலைந்து போவோம் என்று நான் வாயெடுக்கும்போது சாலை முக்கில் நீலச் சட்டை தெரிந்தது. யாரும் கைதட்டவில்லை. பயம்.

டெல்பின் வந்து ஷூ நாடாவை இறுக்கினார். "நாலு அம்பத்திரண்டு ஓடுத ஆளு வீட்டுல எதுக்கு உக்காந்திருக்கணும்?" என்று பொதுவாகச் சொன்னார்.

நாலு பேரும் வில்லையை ஒட்டிக்கொண்டோம். நான் போனை எடுத்து அவர் முகத்துக்கு நேராகக் காட்டினேன். என் புள்ளியைக் கோட்டின் உச்சியில் கொண்டுபோய் வைத்தேன். மைதீனும் கோமதியும் தங்கள் போன்களைக் காட்டினார்கள். நடுவில். இனிமேல் கிளம்பும் முன் நாலு பேரும் போனைக் காட்ட வேண்டும், டீ மாதிரி இதுவும் சட்டம் என்றார் மைதீன். "இன்னைக்கு நீங்க இறக்குங்க, டெல்பின்" என்றேன். அவர் யோசித்தார். பழக்கம் இல்லாத வேலை. கட்டைவிரலால் மெல்ல இழுத்து அடியில் விட்டார்.

உடனே எனக்கு உள்ளங்காலில் குளிர்ந்தது. இன்னும் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. ஐஸ் கட்டிமேல் மணிக்கணக்கில் நின்றது போல இரண்டு பாதமும் மரத்து, அந்தக் கனம் கணுக்கால் வழியாக முட்டி வரைக்கும் ஏறியது.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"எது?"

"உள்ளங்கால்ல. சில்லுன்னு."

"அதுவா? அது கம்பெனித் தரை அண்ணாச்சி. இறாலுக்காக ஐஸ்ல நிக்கோம்லா. வாரம் பூராச் சேந்துரும். அஞ்சாறு கிலோமீட்டர் போனா விட்டுரும்."

அவர் ஒவ்வொரு ஞாயிறும் இங்கிருந்துதான் கிளம்பியிருக்கிறார். அதற்கு மேல்தான் நாங்கள் ஏற்றியிருக்கிறோம்.

மூவரும் ஓடத் தொடங்கினார்கள். நீலச் சட்டை இரண்டே நிமிஷத்தில் முன்னால் போயிற்று. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே மரத்துப்போன காலைத் தூக்கி வைத்தேன். ஆறாவது கிலோமீட்டரில், அவர் சொன்னபடியே, குளிர் விட்டது. அதற்குப் பிறகு இன்னொன்று வந்தது, எனக்குப் பெயர் தெரியாத ஒன்று. முழங்காலில் தொடங்கி முதுகுக்கு ஏறியது. அடுத்து எது வரும் என்று எனக்குச் சொல்ல ஆள் பக்கத்தில் இல்லை. நானேதான் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொள்ளலாம், இன்னும் எத்தனையோ ஞாயிறு இருக்கிறது.

நாற்பத்தைந்து நிமிஷம் பிந்தி டீக்கடைக்கு வந்தேன். மூன்று பேரும் பெஞ்சிலிருந்து எழுந்து கைதட்டினார்கள். டம்ளர்கள் வரிசையாக, தொடாமல் இருந்தன. நான் முட்டியில் கைவைத்துக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது, டெல்பின் ஒரு டம்ளரை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"அண்ணாச்சி," என்றார், "டீ ஆடை கட்டிருச்சு."